சுழியைத் தடுத்தது சட்டமல்ல

நான் பொய் சொன்னேன்.

அதுவும் சட்டத்தின் பெயரால் சொன்னேன். வரி இலாகா எங்குமே எழுதி வைக்காத ஒரு விதியை நானே உண்டாக்கி, என் கணவரின் அண்ணனிடம் சொன்னேன். அந்த ஒரு பொய்யில் அவர் தம் நாற்காலியை விட்டு எழுந்தார். நான் உட்கார்ந்தேன். இன்றும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்!

இதைப் படிக்கும் நீங்கள் உடனே முகத்தைச் சுளிக்க வேண்டாம். முழுவதையும் கேளுங்கள். கேட்ட பிறகு சுளியுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அழுதுகொண்டு இதை எழுதவில்லை. நான் செய்த வேலையைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. கொஞ்சநஞ்சப் பெருமை அல்ல... தலைகொள்ளாத பெருமை! அந்தப் பெருமைக்கு அடியில்தான் இந்தப் பொய்யும் கிடக்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை.

யோங் பெங் ஊரில் எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு வேண்டிய சாமான்கள் விற்கிறோம். குலை வெட்டும் அரிவாள், அதை மாட்டும் நீளமான அலுமினியக் கழி, தள்ளுவண்டி, மருந்தடிக்கும் பம்பு, கையுறை, ரப்பர் பூட்ஸ்... தோட்டத்துக்குள் ஒருவன் காலை வைக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் எங்களிடம் கிடைக்கும்.

என் கணவர் குணா லோரி ஓட்டி, தோட்டம் தோட்டமாகச் சாமான் இறக்குவார். அவருடைய அண்ணன் சதாசிவம் கடையின் முன்னால் உட்கார்ந்திருப்பார். நான் அவரை மாமா என்று அழைப்பேன். நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? பின்னால்! பூட்ஸ் பெட்டிகளுக்கு நடுவே, காற்றாடிக் காற்று எட்டாத இடத்தில், ஒரு சின்ன மேசை. கணக்கு, சரக்கு, வங்கி எல்லாம் அங்கேதான் நடந்தது. யார் கண்ணுக்கும் தெரியாமல் நடந்தது.

கல்யாணத்துக்கு முன் நான் சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை பார்த்தவள். தினமும் எல்லைப் பாலத்தைக் கடந்து போய், நாள் முழுக்க விலைப்பட்டியல் போட்டுத் தள்ளியவள். பட்டியலில் ஒரு எழுத்து பிசகினால் கப்பலில் பெட்டி ஏறாது. அப்படிப்பட்ட இடத்தில், "ஈஸ்வரி பார்த்துட்டாளா? அப்படின்னா சரிதான்" என்று பேர் வாங்கியவள். அந்த ஈஸ்வரியை இங்கே ஒருவருக்கும் தெரியாது. கடைக்குள் நுழைகிறவர்கள் எல்லாரும் என் தலைக்கு மேலாகப் பார்த்து, "தவுக்கே இல்லையா?" என்று முதலாளியைக் கேட்பார்கள்.

தவுக்கே என்றால் மாமாதான்.

மாமா கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! ஒரு நாளும் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. மதியம் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கினால், பெரிய மீன் துண்டு இருக்கிற பொட்டலத்தை என் பக்கம்தான் தள்ளுவார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. கடைதான் அவருக்கு எல்லாம். காலையில் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு அந்த முன் நாற்காலியில் உட்காரும்போது, கோயில் கதவு திறந்த மாதிரி இருக்கும்.

அவர் பில் எழுதுவதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பேனாவை எடுத்ததும் முதலில் தாளின் தலையில் ஒரு பிள்ளையார் சுழி போடுவார். கண்ணை ஒரு நொடி மூடுவார். பிறகுதான் தேதி, பெயர், சாமான் எல்லாம். அவசரத்தில் லோரியை ரோட்டில் நிறுத்திவிட்டு ஓடி வந்தவனுக்கும் அப்படித்தான். ஒற்றைக் கையுறை வாங்கினாலும் அப்படித்தான்.

சீனர்களும் மலாய்க்காரர்களும் அந்தச் சுழியை எங்கள் கடையின் முத்திரை என்றே நினைத்திருந்தார்கள். ஒரு தடவை மாமா காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒரு மலாய்ப் பெரியவருக்கு நான் பில் எழுதினேன். பம்பை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வந்து தாளை என் முன் நீட்டினார். "சோப் தா அடா?" என்றார். முத்திரை இல்லையே என்று கேட்கிறார்! சிங்கப்பூரில் கப்பல் ஏற்றிய கை எழுதிய பில்... அது செல்லாதாம்! பல்லைக் கடித்துக்கொண்டு சுழியைப் போட்டுக் கொடுத்தேன். அவர் திருப்தியாகப் போய்விட்டார்.

பிள்ளையார்மேல் எனக்குக் கோபமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு நீங்கள் என்னைச் சாமி இல்லாதவள் என்று சொல்லக்கூடாது.

இப்படி இருக்கும்போதுதான் மின்-விலைப்பட்டியல் வந்தது. கடைகள் போடும் பில்லெல்லாம் கணினி வழியாக வரி இலாகாவுக்குப் போய், அங்கே சரிபார்க்கப்பட்டு, ஒரு சதுரக் குறியோடு திரும்ப வேண்டும். அப்போதுதான் அது பில். முதலில் பெரிய கம்பெனிகள், அப்புறம் நடுத்தரம், அப்புறம் எங்களைப் போன்றவர்கள் என்று படிப்படியாகச் சட்டம் இறங்கி வந்தது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், "அலாமாக், இன்னும் தள்ளிப்போடுவாங்க லா!" என்றுதான் சொன்னார்கள். டயர்க் கடைக்காரர் சிரித்தார். மளிகைக் கடைக்காரர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நான் சிரிக்கவில்லை. அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்னுடைய பாஷையில் ஒரு சட்டம் பேசுகிறது! இத்தனை வருஷம் பூட்ஸ் பெட்டிக்குப் பின்னால் நான் முணுமுணுத்துக்கொண்டிருந்த பாஷை அது. இனி இந்த நாட்டில் எல்லாரும் அதைப் பேசியே ஆகவேண்டும்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் வழக்கம்போல, "அண்ணனைக் கேட்டுக்க ஈஸ்" என்றார். மாமாவோ, "கவர்மெண்டு சொன்னா செய்யத்தானே வேணும். நீ படிச்சவ, நீயே பாரும்மா" என்று சொல்லிவிட்டார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

உழைத்தேன். மாடு மாதிரி உழைத்தேன். கடையில் இருந்த ஒவ்வொரு சாமானுக்கும் பெயர் வைத்து, வகை எண் கொடுத்து, கணினியில் ஏற்றினேன். அதுவரை எங்கள் கடையில் "அந்த வளைஞ்சது", "பெரிய ஆணி", "பழைய மாதிரி பூட்ஸ்" என்றுதான் சாமான்களுக்குப் பெயர்.

அதைவிடப் பெரிய கூத்து வாடிக்கையாளர்கள். யாருடைய அடையாள அட்டைப் பெயரும் எங்களுக்குத் தெரியாது. பாலத்தடி ராஜு, மொட்டை செல்வம், பூட்ஸ் பாலா... இப்படியே பல வருஷம் ஓட்டியாகிவிட்டது. வரி இலாகாவின் கணினிக்கு மொட்டை செல்வத்தைத் தெரியுமா? பெயரும் அடையாள அட்டை எண்ணும் வரி எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் சிவப்பாகத் துப்பிவிடும். ஒவ்வொருவராகப் பிடித்து அட்டையை வாங்கிப் பார்த்தால், பூட்ஸ் பாலாவின் பெயர் ஞானப்பிரகாசமாம்! "பாலா யாருங்க?" என்று கேட்டேன். "அது எங்க பக்கத்து வீட்டுக்காரன் பேரு. யாரோ மாத்திக் கூப்பிட்டாங்க, அப்படியே இருந்துடுச்சு" என்றார்.

சிலர் கொடுத்தார்கள். சிலர் பயந்தார்கள். சிலர் என்னை ஏதோ போலீஸ்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஆனாலும் விடவில்லை. லோரி ஓட்டும் கணவரின் கையில் தாளைக் கொடுத்து அனுப்பினேன், தொலைபேசியில் நச்சரித்தேன், கல்யாண விருந்தில்கூட ஒருவரை மடக்கிப் பிடித்து வரி எண்ணைக் கேட்டேன்.

ஒரே ஒருவர்தான் மசியவில்லை. கண்ட்ராக்டர் முனியாண்டி. தோட்டங்களுக்குக் குலை வெட்ட ஆள் அனுப்புகிறவர், எங்களுடைய பெரிய வாடிக்கைகளில் ஒருவர். எத்தனை முறை கேட்டாலும், "பார்க்கலாம் தங்கச்சி" என்று நழுவிக்கொண்டே இருந்தார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். இதுவரை சுற்றி வளைத்தது போதும்...

சட்டம் எங்களைத் தொடும் நாளுக்குச் சில வாரங்கள் முன்னால், மென்பொருள் விற்ற கம்பெனியிலிருந்து மிஸ் லிம் என்ற பெண் பயிற்சி கொடுக்க வந்தாள். பத்து பகாட் ஊரிலிருந்து காலையிலேயே கார் ஓட்டி வந்துவிட்டாள். கெட்டிக்காரி. பில்லின் தோற்றத்தை அமைக்கும்போது, மேலே ஏதாவது படம் வைக்க வேண்டுமா என்று கேட்டாள்.

எனக்கு உடனே மாமாவின் சுழி ஞாபகம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல எண்ணத்தில்தான் ஞாபகம் வந்தது! ஒரு பழைய பில்லைக் காட்டி, இந்தக் குறியை உச்சியில் வைக்கலாமா, சட்டத்தில் ஏதும் தடை உண்டா என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"போலே, கக்! செனாங் சஹாஜா!"

முடியும் அக்கா, சுலபம்தான் என்றாள். வரி இலாகா பார்ப்பது உள்ளே போகும் விவரங்களைத்தான். தாளின் தலையில் நீங்கள் பூப்படம் போட்டாலும் அவர்களுக்குக் கவலையில்லை என்று விளக்கினாள். மதியம் மாமா வந்ததும் காட்டி, அவரை ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்துக்கொண்டேன். பழைய பில்லை மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்தேன்.

காலையில் நான் அவ்வளவு நல்லவளாக இருந்தேன்.

மதியம் மாமா வந்து கணினியின் முன் உட்கார்ந்தார். ஒற்றை விரலால்தான் தட்டினார். ஆனால் என்ன நிதானம்! எந்தப் பெட்டியில் எது போக வேண்டும் என்று மிஸ் லிம் ஒரு முறை காட்டினாள், அவ்வளவுதான். இரண்டாவது பயிற்சிப் பில்லை அவரே போட்டார். மிஸ் லிம் கைதட்டினாள். எனக்குள் ஏதோ சுருக்கென்றது... அவரால் முடியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து முனியாண்டி உள்ளே நுழைந்தார்.

"என்னண்ணே, கம்ப்யூட்டரையும் பிடிச்சிட்டீங்களா!"

"கத்துக்கறேன்பா. உன் வரி நம்பர் என்ன, சொல்லு" என்றார் மாமா.

முனியாண்டி மறுபேச்சுப் பேசாமல் பையிலிருந்து அட்டையை எடுத்தார், கைப்பேசியைப் பார்த்து வரி எண்ணை வாசித்தார். நான் வாரக்கணக்காகக் கெஞ்சிய எண்! பல்லிளித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணன் இருக்கிற வரைக்கும் நமக்கு என்ன கவலை?" பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, அண்ணனுக்கும் எனக்கும் ஒரு தே ஓ போட்டுக் கொண்டாங்களேன்."

தே ஓ! பால் ஊற்றாத தேநீர்! சாமான்களுக்குப் பெயர் வைத்தவள் நான். சட்டத்தை வரி வரியாகப் படித்தவள் நான். ஞானப்பிரகாசத்தைக் கண்டுபிடித்தவள் நான்! போய்த் தேநீர் போட்டேன். கோபத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

கொண்டு வந்து வைத்தபோது, முனியாண்டிக்கான பயிற்சிப் பில்லோடு மாமா திணறிக்கொண்டிருந்தார். திரை சிவப்பாகத் துப்பியது. மறுபடி தட்டினார். மறுபடி சிவப்பு. எட்டிப் பார்த்தேன். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

கற்பனைப் பெயர்களில் போட்ட பில்கள் முடிந்து, இதுதான் நிஜமான ஆளுக்கு அவர் போடும் முதல் பில். சுழி போடாமல் எப்படித் தொடங்குவார்? தட்டச்சுப் பலகையில் சுழி எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்திருக்கிறார். சுழியைப் போலவே வளைந்து, கீழே கோடு இழுத்து நிற்கிற ஒன்று அவர் கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டு என்ற எண்! அதை முதல் பெட்டியின் முதல் இடத்தில் பக்தியோடு தட்டியிருக்கிறார். அந்த முதல் பெட்டி முனியாண்டியின் வரி எண்ணுக்கானது. இரண்டில் தொடங்கும் வரி எண் நாட்டில் யாருக்கும் இல்லை. கணினி என்ன செய்யும்?

"ஏம்மா ஏத்துக்க மாட்டேங்குது?" என்று என்னைப் பார்த்தார். குழந்தை கேட்பது போலக் கேட்டார்.

என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? 'அந்தப் பெட்டியில் வேண்டாம் மாமா, சுழியை நான் உச்சியிலேயே வைத்துத் தருகிறேன்.' அவ்வளவுதானே! இழுப்பறையைத் திறந்தால் பழைய பில் இருக்கிறது. மிஸ் லிம் பக்கத்திலேயே இருக்கிறாள். தமிழ் புரியாமல் புன்னகை செய்துகொண்டிருக்கிறாள்.

"சாமி அடையாளம் எல்லாம் இனிமே பில்லுல போடக்கூடாது மாமா. சட்டம்."

சொல்லிவிட்டேன். என் குரல் பிசிறவே இல்லை!

மாமா திரையைப் பார்த்தார். "எங்கேயுமே போடக்கூடாதா? ஒரு ஓரத்துல, சின்னதா...?"

"எங்கேயும் கூடாது. போட்டா பில்லே செல்லாது."

முனியாண்டி, "என்னண்ணே இது அநியாயம்" என்றார். மாமா அவரைக் கை காட்டி அடக்கினார். "சட்டம்னா சட்டம்தான்பா. எல்லா சாதிசனமும் இருக்கிற நாடு. அவங்களும் என்ன செய்வாங்க?" என்று வரி இலாகாவுக்காகப் பரிந்து பேசினார். நான் உண்டாக்கிய சட்டத்துக்கு அவர் நியாயம் கற்பித்தார்! கேட்டுக்கொண்டு நின்றேன் நான்.

மறுநாள் காலை, வெள்ளைச் சட்டையோடு வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. அதைத் துண்டால் துடைத்தார். கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், என் கணவரும் இருந்தார். எல்லார் முன்னாலும் சொன்னார்:

"சாமியைக் கும்பிடாம பில் எழுதிப் பழக்கமில்லம்மா இந்தக் கைக்கு. இனிமே வராது. நீ உட்காரு. நம்ம ஈஸ்வரி படிச்ச பொண்ணு, இனிமே இவங்கதான் தவுக்கே."

என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தது அவர்தான். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மறுத்தேனா? இல்லை! அந்த நாற்காலியின் மெத்தை எவ்வளவு அமுங்கியிருக்கிறது, முன்னாலிருந்து பார்த்தால் தெரு எவ்வளவு அகலமாகத் தெரிகிறது... அதைத்தான் கவனித்தேன்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் கோபப்படலாம். அந்த நாற்காலிக்கு நான் தகுதியானவள்.

சட்டம் எங்களைத் தொட்ட நாளில் எங்கள் கடையின் முதல் பில் ஒரே முயற்சியில் சரிபார்க்கப்பட்டுச் சதுரக் குறியோடு திரும்பி வந்தது. தெருவில் மற்றவர்கள் எல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டு திரிந்தார்கள். சிரித்த டயர்க் கடைக்காரர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். மளிகைக் கடைக்காரரின் மருமகள் என் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டு போனாள். ஒருவரிடமும் நான் ஒரு காசு வாங்கவில்லை. பெரிய தோட்டக் கம்பெனி ஒன்று, பில் சுத்தமாக இருக்கிற கடை வேண்டும் என்று தேடிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தது. வணிகர்கள் கூடிய மண்டபத்தில் என்னை மேடையேற்றிப் பேச வைத்தார்கள். போட்ட பில்லை ரத்து செய்ய எவ்வளவு நேரம் இருக்கிறது, சில்லறை விற்பனையை மாத முடிவில் எப்படி ஒரே பட்டியலாக அனுப்புவது என்று ஒலிபெருக்கியில் என் குரல் கேட்டபோது... ஆகா! அந்தச் சுகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? மாலை போட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் யார் தெரியுமா?

மாமா.

முனியாண்டி இப்போது என்னை மேடம் என்கிறார். தேநீரை அவரே தேநீர்க் கடையிலிருந்து வாங்கி வருகிறார், எனக்கும் சேர்த்து.

இதெல்லாம் என் உழைப்பு. பொய்யால் வந்ததல்ல. மாமா நாற்காலியில் இருந்திருந்தாலும் இந்த வேலையை நான்தான் செய்திருப்பேன். அப்படியானால் பொய் எதற்கு? இதைத்தான் நான் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தால் போதாதா? போதாது! அவர் பக்கத்தில் இருந்தால் எல்லாரும் அவரைத்தான் பார்ப்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

மாமா கோயிலுக்குப் போகத் தொடங்கினார். கும்பிட அல்ல, வேலைக்கு. அர்ச்சனைச் சீட்டு எழுதிக் கொடுக்கும் இடத்தில் காலையும் மாலையும் உட்காருவார். அங்கே ஒவ்வொரு சீட்டிலும் சுழி போடலாம். "அங்க ஒரு சட்டமும் இல்லம்மா" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். கடைக்கு எப்போதாவது வந்தால் மேசைக்கு அந்தப் பக்கமே நிற்பார், சாமான் வாங்க வந்தவர்களோடு. "உள்ள வாங்க மாமா" என்றால், "வியாபார நேரம்மா, நீ பாரு" என்பார். வெள்ளைச் சட்டை இப்போதும் உண்டு. தேய்ப்பதுதான் இல்லை.

இழுப்பறையில் இருந்த பழைய பில்லை நான் எடுக்கவே இல்லை. மிஸ் லிம் மறுபடி ஒரு நாள் தொலைபேசியில் பேசியபோது, அந்தக் குறியை வைக்கட்டுமா என்று ஞாபகமாகக் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

அரிவாள்களைக் கழுவி அடுக்கி, லோரிக்கு மாலை போட்டு, கணினிக்கும் அச்சு இயந்திரத்துக்கும் சந்தனம் வைத்தோம். பூஜையை மாமாதான் செய்ய வேண்டும் என்று என் கணவர் அழைத்து வந்தார். கற்பூரம் காட்டி முடித்ததும், பூஜைக்குப் பின் முதல் பில் முனியாண்டிக்கு. நான் தட்டினேன். சரிபார்க்கப்பட்டு வந்தது. அச்சு இயந்திரம் தாளைத் தள்ளியது.

மாமா அந்தத் தாளைக் கையில் எடுத்தார். சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டார், எடுக்கவில்லை. தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்:

"ஈஸ்வரி... அச்சடிச்சு வெளிய வந்த பிறகு, கையால ஒரு சுழி போட்டா... சட்டப்படி தப்பாம்மா?"

அனுமதி கேட்கிறார்! யாரிடம்?

"தப்பில்ல மாமா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பேனாவை எடுத்தார். கண்ணை மூடினார். தாளின் உச்சியில், சதுரக் குறிக்கு மேலே, அழகாக ஒரு சுழி போட்டார். கோட்டை இழுத்து முடித்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்:

"இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா... நான் இங்கயே இருந்திருப்பேனேம்மா."

கற்பூர வாசனை போகவில்லை. என் கணவர் என்னைப் பார்க்கிறார், முனியாண்டி என்னைப் பார்க்கிறார். உண்மையைச் சொல்ல இதைவிட ஒரு நல்ல நேரம் எனக்கு வாய்க்குமா? வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன், நம்புங்கள்!

"இப்பத்தான் மாமா சட்டத்தை மாத்துனாங்க. அப்ப கூடாது. இப்பப் போடலாம்."

இரண்டாவது பொய்!

மாமா தலையை ஆட்டினார். அவர் கண்ணில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. "பரவால்லையே! நம்ம மாதிரி ஆளுங்க மனசையும் யோசிச்சிருக்காங்க. நல்ல கவர்மெண்டு லா!" என்றார். முனியாண்டி ஆமோதித்தார். எல்லாரும் பொங்கலும் சுண்டலும் சாப்பிட்டோம்.

"அப்படின்னா நீங்க மறுபடி வந்து உட்காருங்கண்ணே" என்றார் என் கணவர், வெகுளியாக. மாமா என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். ஒரு நொடி... ஆசைப்பட்டார். நான் அதைக் கண்ணால் கண்டேன். நான் எழுந்திருக்க வேண்டியதுதானே? எழுந்திருக்கவில்லை. அவர் புரிந்துகொண்டார். "வேணாம்டா. கோயில்ல ஆள் இல்ல. ஈஸ்வரிதான் அதுக்குச் சரி" என்று சொல்லி, சுண்டல் காகிதத்தை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாளே மிஸ் லிம்மை அழைத்து, சுழியைப் பில்லின் உச்சியில் வைக்கச் சொன்னேன். மாமா எழுதிய பழைய பில்லிலிருந்தே எடுத்தாள். இப்போது எங்கள் கடையிலிருந்து போகும் ஒவ்வொரு பில்லிலும் அவருடைய கையெழுத்துச் சுழி இருக்கிறது. அந்த மலாய்ப் பெரியவர் பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினார். பிராயச்சித்தம் என்று நினைக்கிறீர்களா? நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அவருடைய சுழியையும் அல்லவா எடுத்துக்கொண்டேன்! இனி அதைப் போட அவர் வரத் தேவையில்லை.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? மாமா கோபப்பட மாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். "பரவால்லம்மா" என்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. அவர் திட்டுவார் என்று தெரிந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

இன்னும் எனக்குப் பெருமைதான். பில் போடும்போது, வரிசையில் நிற்பவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசும்போது, நான் நிமிர்ந்துதான் உட்காருகிறேன். அந்த நிமிர்வை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. இதையும் எழுதாவிட்டால் இந்த வாக்குமூலமும் பொய்யாகிவிடும்.

கோயிலுக்குப் போகிற வழியில் மாமா தினமும் கடை வாசலில் நிற்கிறார். அன்றைய முதல் பில்லை எட்டி வாங்கி, சுழி இருக்கிறதா என்று பார்க்கிறார். இருக்கிறது என்றதும் முகம் மலர்கிறது. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது தினமும் அதே கேள்வியைக் கேட்கிறார்.

"சட்டத்தை மறுபடி மாத்திட மாட்டாங்களேம்மா?"

"மாத்த மாட்டாங்க மாமா" என்கிறேன்.